ரோட்டிலிருந்து ஏழாவது வீடு

இப்போது எனக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது. சாப்பாடும் இறங்குகிறது. பெங்களூர் ரயிலில் தினமும் என்னோடு வருகிற பெண்கள், "இன்னாக்கா, மூஞ்சி தெளிஞ்சிடுச்சி?" என்று கேட்கிறார்கள். ஒரு பெரிய அவமானம் மயிரிழையில் தப்பியது என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? அந்த அவமானத்துக்கு ஏற்பாடு செய்தவளே நான்தான். என் வாய்தான். தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசுகிற வாய். இந்த வாயைப் பற்றி என் அண்ணன் சின்ன வயதிலிருந்தே எச்சரித்து வந்திருக்கிறான். அவன் சொன்னது சரியாகப் போய்விட்டதே என்பதில்தான் எனக்கு இன்னும் கொஞ்சம் எரிச்சல் பாக்கி இருக்கிறது.

ஆரம்பம் பெங்களூரில். எங்கள் ஆபீஸில் ஒரு சனிக்கிழமை காலை எல்லோரையும் கன்டோன்மென்ட் பக்கம் நடக்கக் கூட்டிப் போனார்கள். கழுத்தில் சின்ன மைக் மாட்டிய ஒரு இளைஞன் எங்களைத் தெருத் தெருவாக இழுத்துக்கொண்டு போய், "இந்த மாடியில்தான் முடி வளர்த்த பசங்க கிட்டார் வாசிச்சாங்க, இந்தக் கடையிலதான் இசைத்தட்டு வாங்கினாங்க, இந்தக் காபிக் கடையில உட்கார்ந்துதான் அரசாங்கத்தைத் திட்டி நாடகம் எழுதினாங்க" என்று காட்டினான். ஊர் சொன்னபடி வாழ மறுத்தவர்களின் பேட்டையாம் அது. ஒவ்வொரு வாசலிலும் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஆனால் உள்ளுக்குள் எரிந்தது. முடி வளர்த்ததற்கே இத்தனை கைதட்டலா? எங்கள் தங்க வயலில் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்கியவர்கள், மேலே வந்து குளித்துவிட்டுப் படிப்பகத்தில் உட்கார்ந்து சாமி உண்டா இல்லையா என்று சண்டை போட்டார்கள். ஐயர் இல்லாமல் கல்யாணம் செய்தார்கள். குடும்பம் குடும்பமாக ஒரே மத்தியானத்தில் மதத்தை விட்டு வெளியே வந்தார்கள். சம்பளம் கொடுக்கிற கம்பெனியையே எதிர்த்துத் துண்டறிக்கை அடித்தார்கள். அவர்கள் வாசலில் ஒரு ஈ காக்கை நின்று பார்த்ததுண்டா?

ரயிலில் வீடு திரும்பும்போதே முடிவு செய்துவிட்டேன். அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை எட்டு மணிக்கு, சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷன் வாசலில் நான் நின்றேன். முதலில் என் ஆபீஸ்காரர்கள் நாலு பேர் வந்தார்கள், மரியாதைக்கு. பிறகு அவர்கள் சொல்லிக் கேட்டவர்கள் வந்தார்கள். தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றையும் கலந்து அடித்து நான் பேசுவதைக் கேட்கப் பதினைந்து இருபது பேர் சேர ஆரம்பித்தார்கள். கூரை போன படிப்பகம், மாலை மட்டும் மாற்றிக் கல்யாணம் நடந்த மைதானம், பேப்பரை ஒருவர் உரக்கப் படிக்க முப்பது பேர் கேட்ட டீக்கடை. அப்புறம் கடைசியாக ஒரு லைன். லைன் என்றால் கம்பெனி கட்டிக் கொடுத்த வீடுகள், ஒட்டி ஒட்டி ஒரே வரிசையில் இருபது. அந்த வரிசையில் ஏழாவது வீட்டு வாசலில்தான் என் நடை முடியும்.

அந்த வீட்டுக் கதையை நான் சொல்லும்போது எனக்கே மயிர்க்கூச்செறியும். ஒரு பெரிய ஸ்ட்ரைக்கின்போது துண்டறிக்கை அச்சடிக்கிற கை மெஷினை ஒரு தொழிலாளி தன் வீட்டுக்குள் ஒளித்து வைத்திருந்தார். அவர் மனைவி மெஷின்மேல் பலகை போட்டு, பலகைமேல் துணி விரித்து, கைக்குழந்தையைப் படுக்கவைத்துவிடுவாள். போலீஸ் தேடிக்கொண்டு உள்ளே வந்தால் பிள்ளையின் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு. அது போடுகிற கூச்சலில் போலீஸ்காரன் பெட்டியை மட்டும் புரட்டிவிட்டு ஓடிவிடுவானாம். இதை எனக்குச் சொன்னவர் யூனியனில் இருந்த ஒரு பெரியவர், எங்கள் கடைக்குச் சாமான் வாங்க வருகிறவர். "அந்த லைன்ல ஏழாவது வூடும்மா" என்றார். அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் காலமாகிவிட்டார்.

நான் பஜார்க்காரி. எங்கள் குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாக மளிகைக் கடை. சின்ன வயதில் அப்பாவோடு சாமான் வண்டியில் லைன்களுக்குப் போயிருக்கிறேன். ரோட்டில் வண்டியை நிறுத்தி, ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே மூட்டையை இறக்குவோம். அதே பழக்கத்தில் ரோட்டிலிருந்து ஏழு எண்ணிப் போய் நின்றேன்.

அந்த வாசலில் எழுபது வயதை ஒட்டிய ஒரு அக்கா இருந்தார். கணவர் இல்லை. மகன் பெங்களூரில். "அக்கா, உங்க அப்பா யூனியன்ல இருந்தாரா?" என்று கேட்டேன். "இருந்தாரு" என்றார். "ஸ்ட்ரைக் நடந்தப்போ நீங்க இந்த வீட்லதான் இருந்தீங்களா?" "இங்கதான். பொறந்ததே இங்கதான்." எனக்கு வேறென்ன வேண்டும்? அடுத்த வாரமே கூட்டத்தோடு போய் நின்று, மெஷின் கதையைச் சொல்லி முடித்தேன். எல்லோரும் அந்த வாசலைப் பார்த்துக் கைதட்டினார்கள். அக்கா நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு மெதுவாகக் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் கண் கலங்கியதைப் பார்த்து, ஒரு நல்ல காரியம் செய்தோம் என்று எனக்குத் தலை கால் புரியவில்லை.

மூன்று வருஷம் இப்படியே போனது. ஞாயிற்றுக்கிழமை என்றால் அக்கா வாசல் கழுவிக் கோலம் போட்டு வைப்பார். வருகிறவர்களுக்குத் தட்டு நிறைய டம்ளர்களில் மோர். கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப் போட்டது. ஆனால் பேச மாட்டார். யாராவது கேள்வி கேட்டால் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவார். வீரர்களின் பிள்ளைகள் அடக்கமாகத்தான் இருப்பார்கள் என்று அதற்கும் ஒரு வியாக்கியானம் வைத்திருந்தேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ரயில் பங்காருபேட்டையில் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. சென்னையிலிருந்து ஒரு டீச்சரம்மா. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய உறவுக்காரப் பெண் ஒருத்தி என் நடைக்கு வந்துவிட்டுப் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

"மெஷின் மேல படுத்திருந்த குழந்தை என் தம்பிம்மா" என்றார். "நான் அப்போ எட்டு வயசு. அடுத்த ஞாயித்துக்கிழமை விட்டு அதுக்கடுத்த ஞாயிறு நான் வரேன். எங்க வீட்டைப் பார்க்கணும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்படியானால் அக்கா இவருக்குத் தங்கையா? "உங்க வீடு ஏழாவதுதானேம்மா?" என்றேன்.

"ஆமாம், ஏழாவது. சங்கு ஊதினா வீட்டுப் பாத்திரமெல்லாம் அதிரும். ஷாஃப்ட் அவ்வளவு பக்கம்."

நான் நின்று பேசுகிற வீட்டிலிருந்து, கேஜ் இறங்குகிற அந்த ஷாஃப்ட் கண்ணுக்கே தெரியாது. "ரோட்லேர்ந்து ஏழாவதுதானே?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் சிரிப்பு. "ரோட்லேர்ந்து யாரும்மா எண்ணுவாங்க? லைன்ல எல்லாரும் ஷாஃப்ட்லேர்ந்துதான் எண்ணுவோம். ஷிப்டுக்குப் போற பக்கம்தான் முதல் வீடு."

அதுதான் விஷயம். மைன்ஸ்காரர்களுக்கு உலகம் ஷாஃப்ட் வாயிலிருந்து தொடங்குகிறது, மூட்டை இறக்குகிறவர்களுக்கு ரோட்டிலிருந்து. பிறந்து ஐம்பது வருஷம் இந்த ஊரில் இருந்தும் எனக்கு அது தெரியவில்லை. சரி, இதிலென்ன பெரிய குற்றம், அடுத்த வாரம் வீட்டை மாற்றிக் காட்டினால் போயிற்று என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன், "அப்போ ரோட்லேர்ந்து ஏழாவது யார் வீடும்மா?"

"சின்ன வயசுல அந்த வீட்டு முன்னால எங்களை நிக்க விடமாட்டாங்க" என்றார் டீச்சரம்மா. பிறகு எத்தனை மணிக்கு ரயில், எங்கே தங்கலாம் என்று பேச்சை மாற்றிவிட்டார்.

மறுநாள் காலையில் அந்த லைன் முனையில் இருக்கிற டீக்கடைக்குப் போனேன். கடைக்காரரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்; சுரங்கத்துக்குள் மரம் முட்டுக் கொடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதே லைனில் பிறந்தவர். நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கும் வரை டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"தெரியும்மா" என்றார்.

"எப்போலேர்ந்து?"

"நீ மொத தபா ஆளுங்கள இட்டுக்கினு வந்து அங்க நின்னியே, அன்னிலேர்ந்து. லைன் பூரா தெரியும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "மூணு வருஷமா நான் உளறிக்கிட்டு இருக்கேன், ஒருத்தருக்கும் வாய் இல்லையா?"

"கத்தாத. குந்து" என்று டீயை என் கையில் வைத்தார். "அது ஸ்ட்ரைக்குல வேலைக்கு எறங்கின ஆளு வூடு. கருங்காலி வூடு. போஸ்ட்மேன் கூட அப்டிதான் கேட்டுக்கினு வருவான். ஸ்ட்ரைக் முடிஞ்சி, யூனியனே எல்லாத்தையும் மறந்துட்டு, கம்பெனிய மூடிக்கினு போயும், எங்க லைன் மறக்கல. பைப்புல அவங்க கொடம் நின்னா நாங்க நிக்க மாட்டோம். கல்யாணம் காட்சின்னா பத்திரிகை கெடயாது. அந்த ஆளு செத்தன்னிக்கி தூக்கறதுக்கு வேலூர்லேர்ந்து சொந்தக்காரங்க வந்தாங்க. நாங்க கதவ சாத்திக்கினோம். நானும்தான் சாத்தினேன்."

அவர் ஈரத்துணியால் பலகையைத் துடைத்துக்கொண்டே மேலே சொன்னார். "நீ வந்து நின்ன அன்னிக்கி, 'அது இல்லம்மா'ன்னு சொல்லத்தான் எழுந்தேன். அத்தினி பேரு கை தட்டறாங்க. அந்தம்மா கும்புடுது. அந்த வாசல்ல வேத்து மனுசன் ஒருத்தன் நின்னு நாங்க பாத்ததே இல்ல. எங்க வூட்டுக்காரி என் கைய புடிச்சி, 'வுடு, தட்டிட்டுப் போவட்டும், நாம பண்ணது போதும்'னா. அவ்ளோதான். குந்திட்டேன்."

அவர்மேல் வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. அந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. இனி வீட்டை மாற்றிக் காட்டுவது சும்மா ஒரு திருத்தம் இல்லை. ஏன் மாற்றினாய் என்று நாலு பேர் கேட்பார்கள். அதைவிட, மெஷின்காரரின் சொந்த மகள் வருகிறார். அவருக்கு எல்லாம் தெரியும். அவர் அந்த வாசலைக் கடக்கும்போது மோர்த் தட்டோடு அக்கா நின்றால்? "உங்கப்பனுக்கா கைதட்டு வாங்கிட்டு இருக்கே?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். காலமெல்லாம் ஒதுக்கி வைக்கப்பட்ட ஒரு பெண்ணை, வயசான காலத்தில் நடுத்தெருவில் இருபது பேர் முன்னால் நிறுத்தித் தலைகுனிய வைத்தவள் நானாக இருப்பேன். அந்த வாரம் முழுக்க ரயிலில் நான் யாரோடும் பேசவில்லை. இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருவேன். நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமை உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி நடையையே ரத்து செய்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். வாசல்படியில் உட்கார்ந்து எவர்சில்வர் டம்ளர்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வா. ஒடம்பு தேவலயா? நாளைக்கு எத்தினி பேரு?"

"அக்கா, நாளைக்கு இந்தப் பக்கம் வரலை. வேற வழியாப் போலாம்னு இருக்கேன்." சொல்லும்போதே என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "யாரு வராங்க?"

சொன்னேன். அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். "பெரிய பொண்ணா, சின்னதா?"

"பெரியவங்க. டீச்சரா இருந்தவங்க."

"தெரியும். என் வயசுதான் அவளுக்கு."

பிறகு அவரே பேசினார். அத்தனை வருஷத்தில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. "மொத நாளே சொல்லியிருக்கணும். நீ கேட்ட. நான் பாதிய மட்டும் சொன்னேன். அப்பால ஒவ்வொரு வாரமும் இன்னிக்கி சொல்லிடணும்னுதான் வாசல்ல வந்து நிக்கிறேன். அதுக்குள்ள கை தட்டிடறாங்க. தட்டினப்பறம் எப்டி சொல்றது? நல்லாத்தான் இருக்குது, இல்லன்னு சொல்லல. ஆனா ஒவ்வொரு தபாவும் யாராவது ஒருத்தர் 'இது அந்த வூடு இல்ல'ன்னு சொல்லிடுவாங்களோன்னு பயமா கீது. மோர குடுத்துட்டு உள்ள ஓடிடறேன்."

மூன்று வருஷம் நான் அடக்கம் என்று நினைத்தது இதைத்தான். எனக்கு என்னையே அறைந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. ஏதாவது செய்து சரிக்கட்ட வேண்டும் என்று என் வாய் மறுபடி முந்திக்கொண்டது. "அக்கா, உங்கப்பா பம்புக்குத்தானே உள்ள போனாரு? பம்பு ஓடலைன்னா தண்ணி ஏறிச் சுரங்கமெல்லாம் முழுகியிருக்கும். அப்பறம் ஸ்ட்ரைக் முடிஞ்சாலும் யாருக்கும் வேலை இருந்திருக்காது. மைன்ஸைக் காப்பாத்தத்தான் போனாருன்னு நான் சொல்றேன். அழகா சொல்றேன், பாருங்க."

டீக்கடை அண்ணன் சொல்லியிருந்த ஒரு வார்த்தையை வைத்துக் கட்டிய கதை அது. அந்த மனுஷன் அப்படித்தான் சொல்லிக்கொண்டாராம், யாரும் நம்பவில்லையாம்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ ஒண்ணும் சொல்ல வாணாம். போய் தயிரு வாங்கியா. உன் கடையிலதான் நல்லா கெட்டியா கீது" என்று சொல்லிவிட்டு அடுத்த டம்ளரை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை டீச்சரம்மா தன் மகளோடு ஸ்டேஷனில் இறங்கினார். நெடுநெடுவென்று உயரம். கைத்தறிப் புடவை, காலில் கான்வாஸ் ஷூ. அன்றைக்கென்று பார்த்துக் கூட்டம் இருபதைத் தாண்டியது. நான் ஒரு திட்டம் போட்டிருந்தேன். ஷாஃப்ட் பக்கமாக லைனுக்குள் நுழைவது, உண்மையான ஏழாவது வீட்டைக் காட்டுவது, வந்த வழியே திரும்பிவிடுவது. அக்கா வீட்டுப் பக்கமே போகக் கூடாது.

முதல் பாதி நன்றாகவே போனது. அந்த வீடு பூட்டிக் கிடந்தது. ஓடு பாதி இல்லை. பின்னால், தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண் குவிந்த சயனைட் மேடு வெயிலில் வெள்ளையாகத் தெரிந்தது. டீச்சரம்மா கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்சம் அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, மெஷின் எந்த மூலையில் இருந்தது, பலகை எப்படிப் போட்டார்கள் என்று விளக்கினார். "என் தம்பிக்கு இன்னிக்கும் அந்தக் கோபம் இருக்கு. நாட்டுக்காக என் தொடையைக் கிள்ளினீங்கன்னு அம்மாவைச் சாகற வரைக்கும் சொல்லிக் காட்டினான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், கைதட்டினார்கள். நான் "சரி, திரும்பலாமா?" என்றேன்.

"இல்லம்மா. ரோடு வரைக்கும் போகணும்" என்று சொல்லிவிட்டு டீச்சரம்மா முன்னால் நடக்க ஆரம்பித்துவிட்டார். எட்டு, ஒன்பது என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே போனார். பின்னால் கூட்டம். கூட்டத்துக்குப் பின்னால் நான்.

அக்கா வாசலில் நின்றிருந்தார். வெளுத்த புடவை, கையில் மோர்த் தட்டு. நான் கும்பலைத் தள்ளிக்கொண்டு முன்னால் போவதற்குள், போன வருஷம் வந்துவிட்டு இந்த முறை மனைவியையும் கூட்டி வந்திருந்த ஒருவர் குரல் கொடுத்தார். "மேடம், போன தடவை இந்த வீட்டு முன்னாலதானே நின்னோம்? இங்கதானே கை தட்டினோம்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தெருவே என்னைப் பார்த்ததுபோல இருந்தது. டீக்கடை அண்ணன் கடையை விட்டு இறங்கி வந்து நின்றிருந்தார். அவர் மனைவியும். எதிர் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் கதவு திறந்திருந்தது. நான் வாயைத் திறந்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக அதிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

"அய்யா, இது அந்த வூடு இல்ல" என்று அக்கா சொன்னார். தட்டைப் படியில் வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றார். "இந்தம்மா தெரியாம சொல்லிட்டாங்க. தெரிஞ்ச நான் சும்மா இருந்துட்டேன். இது ஸ்ட்ரைக்குல வேலைக்குப் போன ஆளு வூடு. எங்கப்பா. நீங்க எல்லாம் எங்கப்பாவுக்குன்னு தட்டல, அவரால தோத்துப்போன ஆளுங்களுக்குத் தட்டினீங்க. மூணு வருசமா நான் வாங்கி வச்சிக்கினேன். மன்னிச்சிக்கங்க."

டீக்கடை அண்ணன்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பம்பு ஓட்டத்தான் போனாருன்னு சொல்லுவாங்க" என்றார். அவருக்கும் என்னைப்போலவே ஏதாவது கொடுக்க வேண்டும் என்று இருந்திருக்கிறது.

"இல்லண்ணா. பம்பு ஒரு சாக்கு. வூட்ல நாலு பசங்க. மூணு நாளா அடுப்பு பத்த வைக்கல. கடைசித் தம்பி அழக்கூட தெம்பில்லாம கெடந்தான். அதான் போனாரு. எல்லார் வூட்லயும்தான் பசி, எல்லாரும் தாங்கினாங்க, அவரால தாங்க முடில. அது தப்புன்னு அவருக்கும் தெரியும். அப்பால அவரு யாரையும் நிமுந்து பாத்ததில்ல."

சொல்லிவிட்டு அக்கா டீச்சரம்மாவைப் பார்த்தார். டீச்சரம்மா ஷூ காலோடு இரண்டு எட்டு முன்னால் வைத்து, படிக்குக் கீழே போய் நின்றார்.

"பைப்புகிட்ட உன் குடத்தை எட்டி உதைச்சது நான்தான்" என்றார். "பெரியவங்க யாரோ சொன்னாங்க, உதைச்சேன். தண்ணியெல்லாம் கொட்டிப் போச்சு. நீ ஒண்ணுமே சொல்லாம குடத்தை எடுத்துக்கிட்டுப் போனே. எத்தனை பிள்ளைங்களுக்கு ஒழுக்கம் சொல்லிக் கொடுத்தேன், இதை ஒருத்தர்கிட்டயும் நான் சொன்னதில்லை. எங்க வீட்டைப் பார்க்க வரலை நான். உன்னைத்தான் பார்க்க வந்தேன்."

அக்கா அவரைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "தெரியும், நீதான்னு. பித்தளை கொடம்டி அது. எங்கம்மா சீதனம். ஒதச்சிட்டு ஒரு வாரம் கால்ல துணி சுத்திக்கினு நொண்டிக்கினு போன. எங்கப்பா பாத்துட்டு, பாவம், அந்தப் புள்ளைக்கி வேப்பெண்ண தடவ சொல்லுங்கன்னாரு. யாரு வந்து சொல்றது ஒங்க வூட்ல?"

டீச்சரம்மா சிரித்தாரா, அழுதாரா, எனக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒன்றாக வந்தது. "நகம் பேந்து போச்சுடி! இன்னும் சரியா முளைக்கலை" என்று சொல்லிக்கொண்டே படியில் உட்கார்ந்து, அத்தனை பேர் முன்னால் ஷூவையும் சாக்ஸையும் கழற்றிக் காலை நீட்டினார். அக்கா குனிந்து அந்தக் கட்டை விரலைப் பிடித்துப் பார்த்தார். கோணலாகத்தான் இருந்தது. முதலில் சிரித்தது டீக்கடை அண்ணனின் மனைவி. பிறகு லைனே சிரித்தது. நான் பக்கத்து வீட்டுத் துணி துவைக்கும் கல்மேல் உட்கார்ந்துவிட்டேன். ஒன்பது நாள் நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த மூட்டை இறங்கிவிட்டது. யாரோ ஒரு டம்ளர் மோரை என் கையில் திணித்தார்கள். என் கடைத் தயிர்தான். அவ்வளவு ருசியாக அது என்றைக்கும் இருந்ததில்லை.

வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து மோர் எடுத்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். எதிர் வீட்டிலிருந்து இன்னொன்று வந்தது. அக்கா உட்கார மறுத்துக்கொண்டே உட்கார்ந்தார். டீச்சரம்மா ஷூ லேஸைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து, "உங்கப்பா பேர் என்னடி?" என்று கேட்டார். "எனக்குத் தெரியாது. எங்க வீட்ல பேர் சொல்லிக் கேட்டதே இல்லை."

டீக்கடை அண்ணனைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் தெரிந்திருக்கவில்லை, அல்லது தெரிந்தும் ஒரு தரம்கூடச் சொன்னதில்லை. பத்தடி தூரத்தில் பிறந்து வளர்ந்தவர்.

அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். புடவைத் தலைப்பை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டதும் எழுந்து சொல்கிறதுபோல, அப்பாவின் பெயரையும், அவருடைய அப்பா பெயரையும், வேலூர்ப் பக்கத்து ஊரையும் உரக்கச் சொன்னார். டீச்சரம்மா அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னார். டீக்கடை அண்ணன் தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அதைச் சொன்னார். அவர் மனைவி சொன்னாள். அக்கா ஒவ்வொருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இதில் நான் யார் பெயரையும் எழுதவில்லை. அவர் பெயரையும் எழுதப் போவதில்லை. தெரிந்துகொள்ள வேண்டுமானால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அந்த வாசலில் நில்லுங்கள். அங்கே இப்போது நான் பேசுவதில்லை, அக்காதான் பேசுகிறார், முதலில் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்.